என் தம்பி ராஜாவாக இருந்த பத்தொன்பது நாள்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் என் தம்பிக்கு எட்டு விசைத்தறிகள். திருப்பதியில் ஒரு ஓட்டல் மாடியில் நடந்த ஒருநாள் ஆளுமைப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, அந்த எட்டும் அவனுக்கு ராஜ்ஜியமாகத் தெரிய ஆரம்பித்தன.

துணைக்கு என்னையும் இழுத்துப் போயிருந்தான். நான் முப்பத்து நான்கு வருடம் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சும்மா உட்கார்ந்தால் எதையாவது எண்ண வேண்டும், இல்லாவிட்டால் படபடப்பு வரும். மேடையில் பேசியவர் வெற்றிக்குத் தெலுங்கில் 'விஜயம்' என்ற சொல்லை நூற்றுப் பன்னிரண்டு தடவை சொன்னார். உழைப்பை ஆறு தடவை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்திருந்தவர்களில் நாற்பத்தொரு பேர் தூங்கினார்கள்.

பேச்சு முழுக்க இந்தப் பக்கத்தில் முன்னொரு காலத்தில் ஆட்சி செய்த ஒரு பேரரசரைப் பற்றி. பெயரை விட்டுவிடுகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தன் பாட்டுக்குச் சண்டை போட்டு, குளம் வெட்டி, கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். தன் வாழ்க்கையைப் பதினோரு பாடமாக நறுக்கி பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விடியுமுன் எழு. முன்னால் நில். மனதில் இருப்பதை முகத்தில் காட்டாதே. சிறிய அவமதிப்பையும் பொறுக்காதே. இப்படியே போயிற்று. அரண்மனையில் போய்ப் பிறந்துகொள், யானைப்படை வைத்துக்கொள் என்ற இரண்டை மட்டும் காணவில்லை. கையைத் தூக்கி அதைக் கேட்டேன். பெரியவர் நன்றாகத் தமாஷ் பண்ணுகிறார் என்று சொல்லி பேச்சாளர் எல்லோரையும் கைதட்ட வைத்தார். தம்பி என் முழங்கையைக் கிள்ளினான்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டான். அதுவரை பனியனோடு திரிந்தவன் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வந்தான். காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் வேலை செய்கிற எட்டுப் பேரும் வரிசையாக நிற்க வேண்டும், அவன் உள்ளே வரும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் எழ வேண்டும் என்று உத்தரவு.

"அவரு நடந்து வந்தா யானையே ஒதுங்கி நிக்குமாம்ண்ணா."

"இங்க ஒதுங்கறதுக்கு எடம் எங்கடா கீது? தறிக்கும் தறிக்கும் நடுவுல ஒண்ணரை அடி. நீயே பக்கவாட்டுல தான் நடக்குற."

"உனக்குப் பொறாமை."

இருக்கலாம். நான் வகுப்பில் நுழைந்தபோது எழுந்து நின்றவர்களுக்கு வயது பத்து.

பதினேழு நாள் ஊர் சகித்துக்கொண்டது. பதினெட்டாவது நாள் திங்கட்கிழமை. திருப்பதி ஜவுளிக்கடை ஒன்றுக்குக் கல்யாண சீசன் சரக்கு சனிக்கிழமை போயாக வேண்டும். இன்னொரு தரம் தாமதமானால் தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்துக்கொள்கிறோம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தம்பியின் சரக்கில் பாதிக்கு மேல் எடுப்பது அந்தக் கடைதான். அது கைவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்தது.

பாவு தீர்ந்தால் புதுப் பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். இரண்டாயிரத்து நானூறு இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அதைச் செய்கிற அம்மாள் எங்களிடம் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறார். தம்பியும் சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த வேலையைப் பழகினான். 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். பயிற்சிக்குப் பிறகு 'ஏம்மா' ஆயிற்று. பிணைக்கிறவர் பாதியில் எழக்கூடாது என்பது நகரியில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். இழை வரிசை கலையாமல் இரண்டு குச்சிகள் மடிமேல் காத்துக்கொண்டிருக்கும். எழுந்தால் போயிற்று.

தம்பி உள்ளே வந்தான். மற்றவர்கள் எழுந்தார்கள். அந்த அம்மாள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஏம்மா, ஒனக்குத் தனியா சொல்லணுமா?"

"பிணைச்சிகினு கீறேன்."

"ரூல்னா எல்லாருக்கும் தான். எந்திரி."

அவர் அவனை ஒரு தரம் பார்த்தார். எழுந்தார். ஒரு குச்சி நழுவி விழுந்தது. ஆயிரத்து நூறுக்கு மேல் பிணைக்காத இழைகள் கோழி கிளறின குப்பை மாதிரி ஒன்றோடொன்று கலந்தன. சாம்பலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார்.

ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இரண்டே பேர். இருவருக்கும் பத்து நாளைக்குக் கை ஒழியாது. தம்பியே உட்கார்ந்தான். நாலு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிணைத்தான், முப்பத்தேழு அறுத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வாயில எண்ணாதண்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ போய்ப் பேசிட்டு வாயேன்."

"தூதனா?"

அவன் அடுத்த இழையைத் தேடினான்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். அந்த அம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சாரு. டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க. வேலைப் பேச்சு வேணாம்."

"அவன் ஏதோ அட்டையைப் படிச்சிட்டு..."

"இன்னாத்தையோ படிக்கட்டும். அவரு எந்திரின்னாரு, எந்திரிச்சேன். குந்துன்னும் அவருதான் வந்து சொல்லணும்."

டீயைக் குடித்துவிட்டு வந்து அப்படியே ஒப்பித்தேன். தம்பி மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு கிளம்பினான். நானும் பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். பிறகு தரையைப் பார்த்து, "தப்பயிப்போயிந்தி" என்றான். எங்கள் பக்கத்தில் இது ஒரு வசதி. வீட்டுத் தமிழில் வாய்க்கு வராததைத் தெலுங்கில் சொல்லித் தப்பித்துவிடலாம், எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தாரிடம் மனு கொடுத்த மாதிரி.

"நான் இன்னா எம்.ஆர்.ஓ.வா?" என்றார் அந்த அம்மாள். "எந்திரின்னு எதுல சொன்னியோ அதுலயே சொல்லு."

பக்கத்து வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தம்பிக்குக் காது சிவந்தது.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். வந்து குந்துக்கா."

"காலையில வரேன். வரிசை கிரிசைன்னு யாரையாவது நிக்க வெச்சிகினு இருந்தே, அப்டியே திரும்பிடுவேன்."

திரும்பி வரும்போது அவனுக்கு மூச்சு வந்துவிட்டது. "எறங்கிப் போறதும் ஒரு தலைமைப் பண்புதான், இல்லண்ணா?"

"இல்லடா. தப்பு பண்ணவன் செய்யிற வேலை அது."

புதன்கிழமை யாரும் வரிசையில் நிற்கவில்லை. கலைந்த இழைகளைப் பிரித்து ஒழுங்குக்குக் கொண்டுவரவே அவருக்கு மதியம் இரண்டாயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசி இழையைப் பிணைத்தார். தறி வியாழனும் ஓடிற்று, வெள்ளியும் ஓடிற்று, சனியும் ஓடிற்று. சனிக்கிழமை வாசலில் நின்ற வேன்காரனிடம் தம்பி இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று நாலு தடவை கெஞ்சினான். நன்றாகவே கெஞ்சினான். ஐந்தாவது தடவை வாய் திறப்பதற்குள், அந்த அம்மாள் கடைசி மடிப்புத் துணியைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.