பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இன்று காலை கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் ஏரிக்குப் போனேன். தை மாதம் என் கணவர் இறந்த பிறகு இதுதான் முதல் தடவை.

பனி விட்டு வெயில் ஏறிவிட்டது. பனிக்காலத்துக்கு வந்து தங்கும் ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை.

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரர் எங்கள் இருவருக்கும் பழக்கம். “இன்னாக்கா, சார் வரலியா?” என்றார்.

“தையில தவறிட்டாருபா.”

வலையைக் கீழே வைத்தார். பிறகு, “வாத்துங்க போன வாரமே கெளம்பிடுச்சுக்கா. மதகாண்ட மஞ்ச வாலாட்டி நெறைய கீது, போய்ப் பாருங்க” என்றார்.

போனேன். வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்பும் நேரத்தில்தான் வாலாட்டிக் குருவிகள் பளிச்சென்று மஞ்சளாகும்.

எப்போதும் என் கணவர் பைனாகுலரில் பார்த்து எண்ணிக்கை சொல்வார், நான் எழுதுவேன். இன்று நான் எழுதக் குனிந்தபோதெல்லாம் அவை இடம் மாறிவிட்டன. நாலு தடவை எண்ணினேன், நாலு விதமாக வந்தது. கடைசியாக வந்ததைக் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து பட்டியலைப் பறவை ஆப்பில் ஏற்றினேன். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கேள்வி வரும். வழக்கம்போல் இரண்டு என்று போட்டு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

திருத்த வழி இருக்கிறது. இன்னும் திருத்தவில்லை.

பறவை பார்க்கிறவர்களே, வாலாட்டிகளின் எண்ணிக்கையே சரியில்லாத பட்டியலில் இதை மட்டும் திருத்தி என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்.