மயக்க டாக்டருக்கு ஒரு பத்திரிகை

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பினோம், நானும் மனைவியும். சாமிக்கு முதல் பத்திரிகை வைத்தாயிற்று. அடுத்தது? ஆரணியில் என் வயிற்றைக் கிழித்த சர்ஜனுக்கு!

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த கொரோனா காலத்தில் என் குடல்வால் உடைந்தது, அவசரமாக ஆபரேஷன் நடந்தது, மறுநாளே எனக்கு ‘பாசிட்டிவ்’ என்று ரிசல்ட் வந்தது... இதே பக்கத்தில் எத்தனை தடவை சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறேன்!

டாக்டர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனைவி பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்தாள்.

“சார், அன்னிக்கு மயக்க மருந்து கொடுத்தாரே, அந்த டாக்டர் பேரு இன்னாங்க? கவர் மேல எழுதணும். அவரையும் கூட்டிகினு வந்துடுங்க.”

டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“அவர் இல்லைங்கம்மா... இவரு கேஸ் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே போயிட்டாரு. கொரோனாதான்.”

இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாதா? யாருமே சொல்லவில்லையா?

“என்கிட்டேருந்தா சார்?” – கேட்டேவிட்டேன்.

“யார்கிட்டேருந்துன்னு எப்படிங்க சொல்றது? ஹெர்னியா, பித்தப்பைக் கல்லு எல்லாத்தையும் தள்ளிப்போட்டுட்டோம். ஆனா பயந்துகினு வீட்லயே கிடந்தவங்க, முத்திப்போய் வருவாங்க... உங்கள மாதிரி. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தா உயிர் தங்காது. அந்தக் கேஸ் எல்லாத்துக்கும் மயக்கம் கொடுத்தது அவர்தான்.”

பிறகு அவரே சொன்னார்.

“தொண்டையில டியூப் விடுறப்போதான் ஆபத்து. பேஷன்ட்டோட மூச்சு நேரா மூஞ்சி மேல வரும். அதனால அந்த நேரத்துல தியேட்டர்ல அதிகம் பேர் இருக்கக் கூடாதுன்னு ரூல். ‘நீ வெளிய நில்லுப்பா, நான் கூப்பிடுறேன்’னு கதவைச் சாத்திடுவாரு. நான் கண்ணாடி வழியா பார்த்துகினு நிப்பேன்.”

“இப்ப அந்த ரூல் இல்லையே சார்?”

“இல்லைங்க. ஆனா இப்பவும் டியூப் போடுறப்போ என்னால வெளிய நிக்க முடியல. உள்ள போய்த் தலைமாட்டுலயே நின்னுக்கிறேன். புதுசா வந்த மயக்க டாக்டர், ‘ஏன் சார், என் மேல நம்பிக்கை இல்லையா?’ன்னு கேட்டுட்டாரு. இன்னா பதில் சொல்றது, சொல்லுங்க?”

வயிற்றைத் தைத்தவரின் பெயரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம். நம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்? அவர் வந்து குனிந்ததும் தூங்கிவிடுகிறோம். எழுந்திருக்கும்போது அவர் அடுத்த கேஸுக்குப் போயிருப்பார். அன்று முகக்கவசமும் கண்ணாடியுமாக ஓர் உருவம் ‘பயப்படாதீங்க’ என்றது... அவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

டாக்டர் கவரின் மேல் ஒரு பெண் பெயரை எழுதினார். “அவர் மனைவி. கண்ணமங்கலத்துல டீச்சர். நேர்ல போய்க் குடுங்க.”

எந்த முகத்தோடு போவது? வழியெல்லாம் எனக்கு அதே பேஜார். தட்டில் குங்குமம் வைப்பதா வேண்டாமா என்று மனைவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு வைத்தாள். அந்த அம்மாவும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

நான்தான் தடுமாறினேன். “அம்மா... அந்தச் சமயத்துல சார்தான் எனக்கு... குடல்வால் ஆபரேஷன்...”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணாங்களே, அவரா?”

தலையாட்டினேன். திட்டட்டும், அழட்டும், பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று நின்றேன்.

“ஆஸ்பத்திரியில படுத்துகினு போன்ல அதையேதாங்க கேட்டாரு. ‘அந்தக் குடல்வால் பேஷன்ட் வீட்டுக்குப் போயிட்டாரா?’ன்னு. எனக்குப் பதில் தெரியல. யாரைக் கேக்கறதுன்னும் தெரியல.”

“போயிட்டேம்மா” என்றேன். என் மனைவிதான் அழுதாள்.

ஆபரேஷன் டேபிளில் படுக்கப் போகிறீர்களா? மயக்க டாக்டரின் பெயரைக் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்!