சீர் முட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மருந்துப் போத்தலின் லேபிள், கேஸ் சிலிண்டரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, போன் கம்பனி அனுப்பும் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வாசித்து நான்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போனவன் என்பதால் கிடைத்த சம்பளமில்லாத பதவி இது. "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். சொல்லிவிட்டு அவரவர் நினைத்ததைச் செய்வார்கள்.

தங்கச்சி வயதுக்கு வந்த வாரத்தில் அந்த அறிவித்தல் என் போனில் வந்தது. எங்கோ ஒரு நாட்டில், ஒரு பண்ணையின் முட்டைகளில் சல்மொனெல்லா என்ற கிருமி இருப்பதாகச் சந்தேகம். விற்ற முட்டைகளை எல்லாம் திரும்பப் பெறுகிறார்களாம். வீட்டில் வாங்கி வைத்திருப்பவர்கள் பெட்டியிலுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். எண் பொருந்தினால் சாப்பிடாமல், வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். முட்டை வைத்த இடத்தையும் கையையும் கழுவ வேண்டும். கடைசியாக ஒரு வரி: எந்த முட்டையானாலும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், மஞ்சள் கரு இறுகும்வரை வேகவைக்கவும்.

அந்தக் கடைசி வரியை நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் சேலை கட்டி மறைத்த இடத்தில், தங்கச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு பச்சை முட்டை குடித்துக்கொண்டிருந்தாள்.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடித்து முடித்ததும் அதே முட்டைக் கோதில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலமாம். முட்டை வாங்கிக்கொடுப்பது தாய்மாமனின் சீர். எங்கள் மாமா கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், அப்புத்தளையில் இறங்கி ஒரு தட்டு முட்டை வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வளைவுக்கு வளைவு டிரைவருக்கு அவர் சொல்லிய புத்திமதியைக் கேட்ட பஸ் முழுவதற்கும் எங்கள் வீட்டு விசேஷம் தெரிந்துவிட்டது.

நான் அம்மாவிடம் போய், படித்தவன் பேசவேண்டிய நிதானத்தோடு விஷயத்தைச் சொன்னேன்.

"நானுந்தான் குடிச்சேன். செத்தா போயிட்டேன்?" என்றார் அம்மா.

"எல்லாரும் சாக மாட்டாங்கம்மா. காய்ச்சல், வாந்தி, வயித்தால போறது..."

"பச்ச முட்ட குடிச்சா வாந்தி வராம பாட்டா வரும்? வாய மூடிக்கிட்டு குடிக்கணும். அதுக்குத்தான் எண்ண."

சேலைக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "அம்மா, அண்ணன் படிச்சவரு. அவரு சொல்றதக் கேளுங்க." என் படிப்பை அவள் மதித்தது அதுதான் முதல் தடவை.

அம்மா கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார். நாளை விடிந்தால் அடுத்த முட்டை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அறிவித்தல் என்ன சொன்னதோ அதை வரிசைப்படி செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் எண். எங்கள் முட்டைக்குப் பெட்டி கிடையாது, காகித அட்டைத் தட்டுத்தான். அதன் அடியில் பாதி அழிந்த எண் ஒன்று இருந்தது. போனிலிருந்த எதோடும் அது பொருந்தவில்லை. பொருந்தாத எண்ணும் ஒருவகையில் சந்தேகத்துக்குரியதுதானே என்று எனக்குப் பட்டது. முட்டைத் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு புறப்பட்டேன்.

"எங்கண்ணே கொண்டு போறீங்க?"

"வாங்குன கடைக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மெதுவா போங்க. திரும்பிக் கொண்டு வந்துறாதீங்க."

அப்புத்தளையில் பனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்தத் தட்டு எத்தனையோ பண்ணையப் பாத்த தட்டு. முட்டை ஒருக்கா போனா போனதுதான். எங்கட யாவாரத்துல திரும்பி வாரது தட்டு மட்டுந்தான்."

"அப்ப இந்த முட்டை எந்தப் பண்ணை முட்டைன்னு எப்புடி நானா தெரியும்?"

"லொறிக்காரனுக்குத் தெரியும்."

"லொறிக்காரருக்கு யார் சொல்லுவாங்க?"

"கோழி சொல்லும்." பக்கத்தில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். நானா குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்ற முட்டை இந்த நாட்டுக்கே வரல்ல. அத விடுங்க. ஒங்கட மாமா சீருக்கெண்டு சொல்லித்தான் எடுத்தாரு. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக் குடுத்தேன். நான் இதத் திருப்பி எடுத்தா அவர்ட மொகத்துல எப்பிடி முழிக்கிறது? கொண்டு போங்க. அவிச்சுத் திண்ணுங்க."

அவர் தட்டை வாங்கவில்லை. ஆனால் மரியாதைக்காக மாமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கிறார். கிருமியைவிட வேகமாகப் பரவியது அந்தச் செய்திதான். நான் பஸ் பிடித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்து ரோட்டில் இறங்கி நடந்து வீடு வந்து சேர்வதற்குள், மருமகன் சீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பது லயம் முழுவதும் உறுதியாகியிருந்தது. அம்மா முட்டைத் தட்டை என் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்தார். அடுத்த நாள் காலை தங்கச்சிக்கு வழக்கம்போல முட்டை கொடுத்தார். பிடிவாதத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக.

அன்று பின்னேரம் மாமா வந்தார். இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையின் படியில் ஏறவில்லை, முற்றத்திலேயே நின்றார். அந்த நேரம் பார்த்து லயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நெருப்புப்பெட்டி தேவைப்பட்டது.

"என்னா மருமகனே, என் முட்டயில பூச்சியாமே?"

"பூச்சி இல்ல மாமா, கிருமி. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதது ஒனக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?"

பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். முற்றத்தில் போனைத்தான் எடுத்து நீட்டினேன்.

"சீரத் திருப்பிக் குடுத்த வீடு ஒண்ணு காட்டு இந்த ஊவா மாகாணத்துல! அக்கா, நான் சடங்குக்கு வரல்ல. புள்ளைக்கு தண்ணி ஊத்த வேற மாமனப் பாத்துக்குங்க."

அம்மா அழத் தொடங்கினார். "அவன் சின்னப் பய, வெவரம் இல்லாம செஞ்சிட்டான்" என்றார். விவரம் இருந்ததால்தான் செய்தேன்.

"ஒரு முட்டயக் கொண்டா அக்கா," என்றார் மாமா. "எண்ண வேணாம், முட்டய மட்டும் கொண்டா. எல்லாருக்கும் முன்னால நான் குடிச்சுக் காட்டுறேன்."

எனக்குப் பதறியது. "வேணாம் மாமா, புள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் ஆபத்துன்னு போட்டிருக்கு."

"யாருக்கு வயசாயிருச்சு?"

அதற்குப் பிறகு அவரைத் தடுக்க யாராலும் முடியாது. முட்டையின் தலையில் தட்டி, ஓட்டைக் கிள்ளி, அண்ணாந்து வாயில் கவிழ்த்தார். வெள்ளைக்கரு சுலபமாகப் போயிற்று. பின்னால் மஞ்சள் கரு வழுக்கி வந்து தொண்டையில் நின்றது. மாமா அப்படியே நின்றார். கண்கள் பெரிதாகின. கன்னம் உப்பியது. இத்தனை சடங்குகளுக்கு முட்டை சுமந்து வந்தவர், ஒன்றைக்கூடக் குடித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் ஆண்கள் யாருமே குடித்ததில்லை. இடுப்புக்குப் பலம் தேவைப்படாதவர்கள்.

"வாய மூடிக்கிட்டு முழுங்குங்கண்ணே," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "எங்களுக்கெல்லாம் அப்புடித்தான் சொன்னாங்க."

மாமா விழுங்கினார். சீரின் மானம் காப்பாற்றப்பட்டது. உடனேயே லயத்துச் சாக்கடைக் கானுக்கு ஓடி, காப்பாற்றியதை அங்கே விட்டுவிட்டு வந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் இப்போதுதான் படியேறி வந்து உட்கார்ந்தார்.

"கிருமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே. "என் முட்ட நல்ல முட்ட."

"ஆமாங்க மாமா."

"ஆனா அக்கா, புள்ளைக்கு இனி அவிச்சே குடு. நல்லா இறுகுற மாதிரி."

அம்மா சரியென்றார். முற்றத்திலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். தாய்மாமனே சொல்லிவிட்டார், அதற்கு மேல் என்ன? அந்த வாரத்துக்குள் அடுத்த லயத்திலும் முட்டையை அவித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் மாமாவின் பேரைத்தான் சொன்னார்கள். என் அறிவித்தலை யாரும் கேட்கவில்லை.

மாமா வந்துபோன மறுநாள் விடியற்காலையில் அடுப்பில் முட்டை கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா அதை உரித்து, இரண்டாக வெட்டி, கரு இறுகியிருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். பிறகு அதன் மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெயை ஊற்றினார்.

"எண்ணையப் பத்தி ஒன் போன்ல ஏதாச்சும் போட்டிருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

தட்டு சேலைக்குப் பின்னால் போயிற்று.

"அண்ணே," என்றாள் தங்கச்சி, "மாமா அடுத்து எப்ப வாராரு? எண்ணையையும் ஒருக்கா குடிச்சுப் பாக்கச் சொல்லணும்."