தோல் ஷெட்டைத் தாண்டி ஓடிய பி.டி. பீரியட்

பிள்ளைகளே, சத்துவாச்சாரிப் பள்ளி மைதானத்தில் உடற்கல்விப் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் இன்று விசில் ஊதினார்கள். எனக்கு ஆம்பூரில் படித்த நாள் நினைவுக்கு வந்தது.

எங்கள் கணக்கு டீச்சர் இப்படியொரு பயிற்சி முடித்து வந்து, எங்களை வரிசையில் நிறுத்தினார். "மூச்ச நல்லா இழுங்க!"

பள்ளிக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் குப்பென்று அடித்தது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.

தலைமையாசிரியர் சிரித்தார். "இன்னா டீச்சர், இந்த நாத்தத்துக்கு ட்ரெய்னிங் தரலயா? உள்ள போய் கணக்கு போடுங்க."

"போவ மாட்டோம் சார். இது பசங்க பி.டி. பீரியட்." டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகினார். "வாங்கடா, ஷெட்டத் தாண்டி ஓடலாம்!"

ஷெட் வாசலில் தோல் உலர்த்திக்கொண்டிருந்த என் அம்மா கத்தினாள். "டேய், எங்கடா ஓடுற?"

"மூச்சு வுடத்தாம்மா!"

உங்கள் விளையாட்டுப் பீரியடை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.