முலாமுக்கு விடாத இடம்

பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் அரைமில்லி. கார்களைச் சுமந்து போகும் லாரிகளில் கார் ஏறுவதற்கான இரும்பு ரேம்ப்களை வடிவமைப்பவர். ஒரு கோடு அரை மில்லி தள்ளிப் போனாலும் வெல்டரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் படத்தில் குறை சொன்னவர் கிடையாது. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

மூன்று மாதங்களுக்கு முன் அவருடைய ரேம்ப் ஒன்று நழுவியது. ரேம்ப், லாரியின் பின்சட்டத்தில் கொக்கி மாட்டி நிற்கும். கார் ஏறும்போது முன்சக்கரங்கள் அதைப் பின்னால் உதைக்கும் என்பதால், விரல் தடிமனில் ஒரு இரும்புப் பின்னைத் துளையில் போட்டுப் பூட்ட வேண்டும். அன்று பின் போடவில்லை. கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்தவரின் வலது பாதத்தில் ரேம்ப் விழுந்தது. அவர் வேறு யாருமில்லை, அரைமில்லியின் தங்கை கணவர்தான். விசாரணையில், பின் போடாதது அவருடைய 'கவனக்குறைவு' என்று எழுதி, வண்டி ஏற்றும் வேலையிலிருந்து எடுத்து, கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

அரைமில்லி மறுநாளே யாருக்கும் தெரியாமல் அந்த ரேம்ப்பைப் போய்ப் பார்த்தார். பின் பதினாறு மில்லி, துளை பதினாறரை. பட்டறையில் வழுக்கிக்கொண்டு இறங்கிய அதே பின், இப்போது துளை வாயிலேயே நின்றது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய துத்தநாக முலாம் உள்ளே திரண்டு கிடந்தது. முலாமுக்கு இடம் விட மறந்திருக்கிறார். பூசி வந்தபின் ஒருமுறை போட்டும் பார்க்கவில்லை. துளையைப் பதினெட்டாக்கிப் புதுப் படம் போட்டார். மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் 'வசதிக்காக' என்று கை கூசாமல் எழுதினார்.

ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போவார். அண்ணன் காதுபடவே அவள் கணவரை வறுத்தெடுப்பாள்.

"ஒரு பின்னு போட வலிக்குதா இந்த மனுஷனுக்கு?"

அரைமில்லி குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். நாலு வாய்க்கு மேல் இறங்காது. பசியில்லை என்று புளுகுவார்.

போன ஞாயிறு, அவள் மாடியில் துணி காயப்போடப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"மாப்ள, தப்பு உங்க மேல இல்ல. அந்தத் துளைல பின்னு போகாது. என் படம்தான் தப்பு."

மாப்பிள்ளை காலை மெல்ல ஸ்டூலில் தூக்கி வைத்தார்.

"தெரியும் மச்சான். சுத்தியால தட்டிக்கூடப் பாத்தேன். நேரமாச்சுனு டிரைவர் கத்துனாரு, கொக்கி தாங்கும்னு விட்டுட்டேன்."

"அத ஏன் விசாரணைல சொல்லல?"

"படத்துல உங்க கையெழுத்து இருக்கே. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். ஒவ்வொரு வாரமும் நீங்க பழப்பையோட வரப்ப, இன்னைக்குச் சொல்லிடுவாருனு பாப்பேன்."

படியில் சத்தம் கேட்டது. காலி வாளியோடு தங்கை நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மூணு மாசமா இவர நான் பேசுன பேச்சையெல்லாம், நீ இங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானேண்ணே இருந்த?"

நாளைக் காலையில் முதலாளியிடம் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது. இவளுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.