மாமா முகத்தில் நான் அழித்த வெண்திட்டு

செல்போனில் படம் எடுப்பது பற்றி சிதம்பரத்தில் என்னிடம் பாடம் கேட்காமல் தப்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். லென்ஸைத் துடை, ஜூம் பண்ணாதே, இரண்டடி முன்னால் போ, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பு. ஊருக்கு உபதேசம் செய்ய எனக்குச் சலித்ததே இல்லை.

முதுநகரில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர் கேமராவைக் கண்டாலே நழுவிவிடுவார். எட்டு வருடத்துக்கு முன் மாமாவின் வாயோரம் வெண்திட்டு வந்து பரவியிருந்தது. ஆதார் கார்டில் இருப்பதுகூட அதற்கு முந்திய முகம். போன தை மாதம் ஜன்னலோரம் சிரித்துக்கொண்டிருந்தவரை, அவருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்தேன். இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான்.

அடுத்த மாதமே மாமா மாரடைப்பில் போய்விட்டார். காரியத்தன்று படத்திறப்புக்குப் படம் தயார் செய்வது என் பொறுப்பு. உற்சாகமாகத்தான் செய்தேன், சொல்லவே கூசுகிறது. பின்னணியை மங்கலாக்கினேன், கன்னத்துக்கு வெளிச்சம் ஏற்றினேன். கறை நீக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினேன், திட்டு போய்விட்டது. போனில் இடமில்லை என்று பழைய படத்தையும் அழித்தேன். கை வைப்பதற்கு முன் நகல் எடுத்துவை என்று எல்லோருக்கும் சொல்பவன் நான்.

துணியை விலக்கியதும், "எவ்ளோ களையா இருக்காரு" என்றார்கள் வந்தவர்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"இது யாருடா? எனக்கு அவரு மூஞ்சி வேணும். பழசயே போட்டுக் குடு."

அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிதம்பரம் திரும்பி, இரண்டு நாள் உட்கார்ந்து அந்தத் திட்டை நானே வரைந்தேன். ஓரங்களைத் தோல் நிறத்தோடு கலந்து, அச்சு அசலாக. பிரேம் போட்டுப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடி மேல் விரல் வைத்தாள்.

"இந்தப் பக்கம் இல்லடா. அவருக்கு இடது பக்கம்."

எட்டு வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பார்த்தால் சங்கடப்படுவார் என்று அவர் முகத்தைப் பார்க்காமலே பேசி, அதை மரியாதை என்று நினைத்திருக்கிறேன்.

"பழசு உங்கிட்ட இல்ல, அப்படித்தான?"

தலையாட்டினேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "சரி, சாப்புட்டுப் போ" என்றாள்.