அரிசிக்காரி சாலம்மாள்

சித்தேரி மலையில் சாலம்மாளுக்கு அரிசிக்காரி என்று பேர் வைத்தவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். ஊரே சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்றுகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அவள் ஒருத்தி மட்டும் வேளா வேளைக்கு நெல்லரிசிக் கஞ்சி குடித்தாள். குடித்து என்ன பிரயோசனம்? இருபத்திரண்டு வயசுப் பெண், தண்ணீர்க் குடத்தோடு மேடேறினால் நாலு இடத்தில் உட்கார்ந்துதான் வீடு வந்து சேர்வாள்.

அவள் சோம்பேறி இல்லை. கல்யாணமான புதிதில் அவள் களை வெட்டுகிற வேகத்தை மாமியார் ராமக்காவே வாய் ஓயாமல் பேசியிருக்கிறாள். முதல் பிள்ளை பிறந்து தங்காமல் போனதிலிருந்துதான் இந்த அலுப்பு. உதடு வெளுத்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருந்தாள். மழை பெய்து மண் மணந்தால் போதும், யாரும் பார்க்காதபோது சுவரைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் ராமக்கா பிடித்துவிட்டாள். "மண்ணத் தின்னா ரத்தம் எப்படிடீ ஊறும்?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். சோகை வந்ததால்தான் நாக்கு மண் கேட்டது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? இன்றைக்கு மட்டும் எத்தனை பேருக்குத் தெரிகிறது? அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நோயாளிக்கு அந்த வீட்டில் ஒரே பத்தியம். களி கனம், கீரை குளிர்ச்சி, கறி ஆகவே ஆகாது. அரிசிக் கஞ்சிதான் மருந்து. மற்ற வீடுகளிலும் அப்படித்தான், ஆனால் கட்டுப்படியாகாமல் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். சாலம்மாளின் புருஷன் தீர்த்தன் நிறுத்தவில்லை. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தவன். புளியும் கடுக்காயும் சுமந்து மலையிறங்கி, அரூர் சந்தையில் போட்டுவிட்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வருவான். உச்சந்தலையில் முடியே தேய்ந்துவிட்டது. அவள் வெளுக்க வெளுக்க, இவன் இன்னும் கொஞ்சம் அரிசி கொண்டுவந்தான்.

மறுபடி முழுகாமல் இருந்தபோது அவளுக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது.

"இந்தத் தடவ நானும் தங்கமாட்டேன் மாமா," என்றாள். அழவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. அவளுக்கும் சேர்த்துத் தீர்த்தன்தான் அழுதான்.

மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அவனும் தம்பி சென்றாயனும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"ஒடம்புல ரத்தமே இல்லியே. சாப்பிட என்னப்பா குடுக்கறே?"

தீர்த்தன் நிமிர்ந்து நின்றான். "அரிசிதானுங்க. வேற ஒண்ணும் வாயில வெக்க வுடறதில்லீங்க."

"கேழ்வரகு? கீரை? ஆட்டு ஈரல்?"

"அய்யோ சாமி, அதெல்லாம் நாங்க திங்கறதுங்க."

"ரத்தம் ஊற இரும்புச் சத்து வேணும். அது உன் சோத்து வட்டல்ல இருக்குது, இவ வட்டல்ல இல்ல. நீ திங்கறதையே இவளுக்கும் போடு," என்றார் டாக்டர். இரும்பு மருந்து ஒரு புட்டி கொடுத்து, வெளிக்குக் கறுப்பாகப் போனால் பயப்படாதே என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் ராமக்கா குதித்தாள். "புள்ளத்தாச்சிக்குக் களியப் போட்டுக் கொல்லப் பாக்கறியாடா?" தீர்த்தனுக்கும் மனசு ஒப்பவில்லை. அன்பு காட்டத் தெரிந்திருந்த ஒரே வழியையும் டாக்டர் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் களி கிண்டினான், முருங்கைக் கீரை கடைந்தான், கிடைத்தபோது ஈரல் வாங்கிவந்து சுட்டான். வட்டிலை அவள் முன்னால் வைத்துவிட்டு, தப்புச் செய்தவன் போல் வெளியே போய்விடுவான். சாலம்மாள் வட்டிலை வழித்துத் தின்றாள்.

உதட்டில் மெல்ல நிறம் ஏறியது. கால் வீக்கம் வடிந்தது. பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் தங்கியது.

தீர்த்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தைக்குப் போனவன், பழைய பழக்கத்தில், ஒரு மூட்டை அரிசியோடு ஏறி வந்தான். தானே சோறாக்கிப் பரிமாறினான். சாலம்மாள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"களி மீந்திருந்தா போடு மாமா."

"ஏன் புள்ள?"

"நீ திங்கறப்பல்லாம் உன் வட்டலத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். வாயெல்லாம் ஊறும்."

தீர்த்தன் திகைத்துப் போனான். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"எப்படிக் கேக்கறது? அம்மாந்தூரம் தலையில சொமந்துக்கிட்டு வர்றியே."

தீர்த்தன் கையைத் தூக்கி, முடி தேய்ந்த உச்சந்தலையைத் தடவிக்கொண்டான். பிறகு எழுந்துபோய்க் களிச்சட்டியை எடுத்துவந்தான்.